மூட் அவுட் ஆனா கை ஏன் பெட்டிங் ஆப் பக்கம் போகுது?

கேள்வி இதுதான்: "என் தம்பி ஆன்லைன்ல ஸ்லாட், கேசினோ கேம்லாம் ஆடுறான். கேட்டா பணத்துக்காகத்தான்னு சொல்றான். ஆனா நான் பார்த்த வரைக்கும் மனசு சரியில்லாத நாள்லதான் ரொம்ப நேரம் ஆடுறான், ஜெயிச்சாலும் பணத்தை வெளிய எடுக்க மாட்டேங்குறான். மூடுக்கும் இதுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கிறேனா?"

கற்பனைலாம் இல்லைங்க, நீங்க பார்த்தது சரிதான். ஆனா சோகமா இருக்கிறவன் சூதாடுவான்னு ஒரே வரில முடிச்சுட்டா பாதி விஷயம் விட்டுப்போயிடும், ஏன்னா ரொம்ப சந்தோஷமா இருக்கிறவனும் ஆடுறான், சும்மா போரடிக்குதுன்னு ஆடுறவங்களும் ஏகப்பட்ட பேர். அடிக்‌ஷன் கவுன்சிலிங் பக்கம் இருக்கிறவன்ங்கிறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த "பணத்துக்காகத்தான்"ங்கிற பதிலை எடுத்துக்குவோம். தம்பி பொய் சொல்லல. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க, சர்வே எடுத்தாலும் பெரிய தொகை ஜெயிக்கிற ஆசைதான் மேல வந்து நிக்கும். சிக்கல் என்னன்னா எல்லாரும் அதையே சொல்றதால அந்தப் பதிலை வச்சு எதையும் பிரிச்சுப் பார்க்க முடியாது, எப்பவாவது ஒரு லாட்டரி டிக்கெட் வாங்குறவரும் பணம்ங்கிறார், விடிய விடிய ஆடி அக்கவுண்டைத் தொடச்சு வச்சிருக்கிறவரும் பணம்ங்கிறார். கனடால ஷெர்ரி ஸ்டூவர்ட், மார்ட்டின் ஸாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008ல ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, ஆளுங்க ஏன் குடிக்கிறாங்கன்னு அளக்க ஏற்கனவே இருந்த ஒண்ணைத்தான் சூதாட்டத்துக்கு மாத்தி எடுத்தாங்க. அதுல மூணு வகைக் காரணம் வரும்: கிக்குக்காக ஆடுறது, நாலு பேரோட சேர்ந்து பொழுதுபோக ஆடுறது, மனசுல இருக்கிற கஷ்டத்தை மறக்க ஆடுறது. பணம்ங்கிற காரணத்தைப் பின்னாடி வேற ஆளுங்கதான் சேர்த்தாங்க. இதுல மறக்கிறதுக்காக ஆடுறவங்கதான் திரும்பத் திரும்ப பல ஆய்வுகள்ல பெரிய சிக்கல்ல மாட்டிக்கிட்டவங்களா வர்றாங்க, நாலு பேரோட சேர்ந்து ஆடுற கூட்டத்துல அந்த அளவுக்கு இல்ல. ஆன்லைன்ல அந்த நாலு பேரே கிடையாது, தனியா ஒரு ரூம், ஒரு ஃபோன், அவ்வளவுதான், அதையும் கவனிங்க.

மனநலக் கோளாறுகளை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போட்ட கையேடு டிஎஸ்எம்-5 (2013ல வந்தது) சூதாட்டக் கோளாறுக்கு 9 அறிகுறி வச்சிருக்கு, 12 மாசத்துக்குள்ள அதுல 4 இருந்தா கோளாறுன்னு எடுத்துக்குவாங்க. அந்த 9ல ஒண்ணே இதுதான், மனசு உடைஞ்சு, பதட்டமா, குற்ற உணர்ச்சியோட, கையாலாகாத மாதிரி இருக்கிறப்ப அடிக்கடி சூதாடுறது. அதாவது மூடைக் கேட்காம நோயையே கண்டுபிடிக்க மாட்டாங்கங்கிற அளவுக்கு இது உள்ளுக்குள்ள இருக்கிற விஷயம்.

சரி, ஜெயிச்சாலும் ஏன் எடுக்க மாட்டேங்குறான்? உங்க கேள்வில எனக்கு முக்கியமாப் பட்டது இதுதான். மனசு சரியில்லாதப்ப ஆடுறவன் தேடுறது ஜெயிப்பை இல்ல. தலைக்குள்ள ஓடிட்டிருக்கிற சத்தம் கொஞ்ச நேரம் நிக்கணும், அதைத்தான் தேடுறான். வேலைல வாங்கின திட்டு, வீட்ல நடந்த சண்டை, கடன், இதெல்லாம் அந்த ஸ்க்ரீன் சுத்துற வரைக்கும் இருக்காது. நடாஷா டௌ ஷூல்னு ஒரு மானுடவியலாளர் லாஸ் வேகாஸ்ல சூதாட்ட மெஷின் முன்னாடி உட்கார்ந்து ஆடுறவங்களை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க, அவங்ககிட்ட பேசினவங்க சொன்னது இதேதான், நேரம் தெரியாது, உடம்பு தெரியாது, பணம் எவ்வளவுன்னே தெரியாது, அந்த நிலைமைல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும், அதுக்குத்தான் ஆட்டம். இப்படிப் பார்த்தா உங்க தம்பி ஜெயிச்ச பணம் அவனுக்குப் பணமே இல்லைங்க, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆடுறதுக்கான பேலன்ஸ், அவ்வளவுதான். வெளிய எடுத்தா ஆட்டம் முடிஞ்சிடும், ஆட்டம் முடிஞ்சா எதை மறக்க வந்தானோ அது திரும்ப வந்து நிக்கும். நமக்கு வெளில இருந்து பார்க்க முட்டாள்தனமாத் தெரியுறது உள்ள இருக்கிறவனுக்கு ரொம்ப நியாயமான கணக்கு.

இதனாலதான் எந்த கேம் ஆடுறான்ங்கிறதும் ஒரு துப்பு. கிக் வேணும்கிறவன் பெரும்பாலும் மேட்ச் பெட்டிங், போக்கர் மாதிரி யோசிக்க வேண்டிய, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டிய ஆட்டத்துக்குப் போவான். மறக்கணும்கிறவனுக்கு யோசனையே ஆகாது, அவனுக்கு ஸ்லாட் மாதிரி விடாம சுத்திக்கிட்டே இருக்கிற, விரலைத் தவிர வேற எதுவும் தேவைப்படாத ஆட்டம்தான் வசதி. எல்லாரும் இப்படியே பிரிவாங்கன்னு இல்ல, ரெண்டையும் ஆடுறவங்க இருக்காங்க, ஆனா தம்பி ஸ்லாட் பக்கம்னு நீங்க எழுதினதும் எனக்கு மனசுல பட்டது இதுதான்.

இங்க ஒரு எரிச்சலையும் கொட்டிடுறேன். பிரிட்டன்ல 2015ல இருந்து பெட்டிங் விளம்பரத்துல ஒரு வாசகம் போட்டாங்க, ஜாலி போயிடுச்சுன்னா ஆட்டத்தை நிறுத்திடுங்கங்கிற அர்த்தத்துல. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா துக்கத்தை மறக்க உட்கார்ந்தவனுக்கு ஜாலிங்கிறது ஆரம்பத்துலயே இல்லையே, இல்லாதது எப்படிப் போகும்? இந்த மாதிரி வாசகம்லாம் யாருக்குத் தேவையே இல்லையோ அவனுக்குத்தான் புரியும்.

நல்ல மூடுக்கு வருவோம், இதுவும் ஆட வைக்கும்னு யாருக்கும் தோணாது. நியூயார்க் நகரத்து லாட்டரி விற்பனையை வச்சு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஊரோட டீம் எதிர்பார்த்ததைவிட நல்லா ஆடின நாளுக்கு அப்புறமும், எதிர்பார்த்ததைவிட வெயில் நல்லா அடிச்ச நாள்லயும் ஜனங்க லாட்டரி கொஞ்சம் அதிகமா வாங்கியிருக்காங்க. வித்தியாசம் சின்னதுதான், ஆனா வெயிலுக்கும் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க? "எதிர்பார்த்ததைவிட"ங்கிறதுதான் இதுல விஷயமே, தினம் வெயில் அடிக்கிற இடத்துல இன்னொரு நாள் வெயில் அடிச்சா யாருக்கும் ஒண்ணும் தோணாது, நாலு நாள் மழைக்கப்புறம் அடிச்சா இன்னைக்கு நம்ம நேரம் நல்லாயிருக்குன்னு ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்துடும். எரான் எல்டார், யேல் நிவ்னு ரெண்டு பேர் 2015ல இதை லேப்ல பண்ணிப் பார்த்தாங்க, சக்கரம் சுத்தவிட்டு திடீர்னு ஒரு தொகை கொடுத்துட்டு அப்புறம் வேற மெஷின்கள்ல ஆட விட்டப்ப, மூட் சட்டு சட்டுனு மாறுற ஆளுங்க அந்த மெஷின்களையெல்லாம் இருக்கிறதைவிட நல்லா கொடுக்கிற மெஷின்னு எடைபோட்டாங்க. மெஷின் மாறல, மூட்தான் மாறிச்சு.

அதனால தம்பி சோகமா இருக்கிற நாளை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. போனஸ் வந்த நாள், பரீட்சை பாஸான நாள், நண்பர்களோட சுத்திட்டு வந்த ராத்திரி, அப்பவும் கை அந்தப் பக்கம் போகுதான்னு பாருங்க. சந்தோஷம் தலைக்கேறினா யோசிக்காம முடிவெடுக்கிறது, துக்கம் தலைக்கேறினா யோசிக்காம முடிவெடுக்கிறது, ரெண்டையும் உளவியல்ல தனித்தனி குணமாவே அளக்குறாங்க, ரெண்டுமே சூதாட்டப் பிரச்சனையோட ஒட்டித்தான் வருது.

போரடிக்கிறதைப் பத்தி ஆராய்ச்சி பேசுற அளவுக்கு வீட்ல யாரும் பேசுறதில்ல. போர்னா சும்மா உட்கார்ந்திருக்கிறதுன்னு நினைச்சுக்கிறோம், நிஜத்துல அது ஒரு நெளிச்சல், எதுவும் பிடிக்கல, எதுலயும் உட்கார முடியல, ஏதாவது நடந்தா தேவலைங்கிற நிலைமை. பெட் வச்சா ஏதோ ஒண்ணு நடக்கும், அதுக்கு உத்தரவாதம் உண்டு, ஜெயிப்புக்குத்தான் உத்தரவாதம் கிடையாது.

இதுவரைக்கும் மூட் எப்படி ஆட்டத்துல கொண்டு போய் விடுதுன்னு சொன்னேன். திரும்பி வர்ற பாதையைப் பத்தி சொல்லலைன்னா கதை முடியாது, ஏன்னா உள்ள போனதுக்கப்புறம் ஆட்டம்தான் மூடை ஓட்டுது. ஸ்லாட்ல மூணு சின்னம் ஒரே மாதிரி வரணும், ரெண்டு வந்து மூணாவது ஒரு கட்டம் தள்ளி நின்னுடுதுல்ல, அந்த மாதிரி நூலிழைல தவறுறதை லூக் கிளார்க்கும் அவர் குழுவும் 2009ல மூளை ஸ்கேன்ல பார்த்தாங்க. ஆடினவங்க அதை சாதாரணத் தோல்வியைவிடக் கடுப்பான விஷயம்னு சொன்னாங்க, ஆனா இன்னும் ஆடணும்கிற ஆசை அதுக்கப்புறம் கூடிச்சு, மூளைல ஜெயிக்கிறப்ப வேலை செய்யுற இடங்களும் அப்ப வேலை செஞ்சுச்சு. வெறுப்பும் ஆசையும் ஒரே நேரத்துல ஏறுது பாருங்க, ரொம்ப விநோதமான கலவை இது. பிடிச்சிருந்தா ஆடுவான் பிடிக்கலைன்னா நிறுத்துவான்னு நாம நினைக்கிறது இந்த இடத்துல செல்லாது.

அப்புறம் தோத்த பணத்தைத் துரத்துறது. கானமன், ட்வெர்ஸ்கினு ரெண்டு உளவியலாளர்கள் 1979ல எழுதின கட்டுரைல ஒரு விஷயம் வரும், நஷ்டத்துல நிக்கிற மனுஷன் அந்த நஷ்டத்தை ஏத்துக்கிறதைவிட இன்னும் பெரிய ரிஸ்க் எடுத்தாவது பழைய நிலைமைக்கு வரப் பார்ப்பான். குதிரை ரேஸையே உதாரணமா சொல்லியிருக்காங்க, நாள் போகப் போக ஜெயிக்க வாய்ப்பே கம்மியான குதிரை மேல பணம் கட்டுறது கூடிக்கிட்டே போகும், ஏன்னா காலைல இருந்து விட்டதை ஒரே அடில எடுக்க வேற வழி இல்ல. ஆனா ரேஸ் மைதானத்துல கடைசி ரேஸ்னு ஒண்ணு இருக்கு. கேட்டைப் பூட்டிடுவாங்க, வீட்டுக்குப் போய்ப் படுத்துத்தான் ஆகணும், தூங்கி எழுந்தா அந்த வெறி கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆன்லைன்ல கடைசி ரேஸே கிடையாது.

ஆன்லைன்தான் இதுல தனி வில்லன்னு சிலர் சொல்றப்ப நான் முழுசா ஒத்துக்கிறதில்ல, மெஷின் ரூம்லயும் இதெல்லாம் நடந்துச்சு. ஆனா ஒரு வித்தியாசம் நிஜம். முன்னாடி மூட் கெட்டா டிரெஸ் மாத்தி, கிளம்பி, போய்ச் சேரணும், அந்த நேரத்துல பாதி மூட் மாறிடும், வழில யாராவது பேசுவாங்க, பர்ஸ்ல இருக்கிற காசு தீர்ந்தா அதோட சரி. இப்ப மூட் கெட்ட அதே நிமிஷத்துல ஆப் கைல இருக்கு, படுக்கையிலேயே, ராத்திரி ரெண்டு மணிக்கு, யாருக்கும் தெரியாம. மனசுல தோணுறதுக்கும் செய்யுறதுக்கும் நடுவுல இருந்த அந்த இடைவெளிதான் ஆளைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு, அது போயிடுச்சு. பத்தாததுக்கு நாலு நாள் ஆடலைன்னா ஃப்ரீ ஸ்பின்னுன்னு நோட்டிஃபிகேஷன் வேற வரும்.

வேகமும் அப்படித்தான். பிரிட்டன் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் கடைசில இருந்து ஆன்லைன் ஸ்லாட்ல ஒரு ஸ்பின் 2.5 நொடியைவிட வேகமா ஓடக்கூடாதுன்னு ரூல் போட்டுச்சு, தானா ஓடுற ஆட்டோ பிளேயைத் தூக்கிச்சு, வச்ச பணத்தைவிடக் கம்மியா திரும்பி வந்தாலும் ஜெயிச்ச மாதிரி மியூசிக் போடுறதையும் தடை பண்ணிச்சு. அந்த 2.5 நொடில கணக்கு போட்டாலே ஒரு மணி நேரத்துக்கு 1,440 ஸ்பின். 96% திருப்பிக் கொடுக்கிற கேம்னு விளம்பரத்துல இருக்கும், கேட்டா பரவாயில்லையேன்னு தோணும், ஆனா அது ஒவ்வொரு பெட்டுக்கும் 4% கழியும்ங்கிற கணக்கு, அப்ப விடாம ஆடினா சராசரியா ஒரு மணி நேரத்துல நீங்க ஒரு ஸ்பின்னுக்கு வைக்கிற தொகை மாதிரி 57 மடங்குக்கு மேல போயிடும். மூட் அவுட்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க, பல பேருக்கு அத்துப்படி. அந்த நேரத்துல அது தேவைப்படல, அவ்வளவுதான்.

பணத்தை எடுக்காதது பத்தி இன்னொண்ணு. சில சைட்ல வித்ட்ரா போட்டா பணம் உடனே வராது, ரெண்டு மூணு நாள் பெண்டிங்ல கிடக்கும், பக்கத்துலயே கேன்சல் பட்டன் இருக்கும். நல்ல மூட்ல வித்ட்ரா போட்டவன் மறுநாள் கெட்ட மூட்ல கேன்சல் பண்ணி அத்தனையும் ஆடித் தீர்த்துடுவான். இதைப் பார்த்துட்டுத்தான் பிரிட்டன்ல அந்த கேன்சல் வசதியையே 2021ல நிரந்தரமா எடுத்தாங்க. தம்பி ஆடுற ஆப்ல அது இருக்கான்னு பாருங்க, உங்க கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடக்கலாம்.

மூட் பிரச்சனை முதல்ல வந்துச்சா, சூதாட்டம் முதல்ல வந்துச்சாங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். 2002ல பிளாஸ்சின்ஸ்கி, நோவர்னு ரெண்டு பேர் மூணு பாதை சொன்னாங்க. ஒண்ணு, மனசுல எந்தப் பிரச்சனையும் இல்லாம ஜாலிக்கு ஆரம்பிச்சு, ஜெயிச்சுத் தோத்துப் பழக்கமாகி, அப்புறம் கடன் ஏறி அதனால மனசு கெட்டுப்போறவங்க. ரெண்டாவது, முன்னாடியே டிப்ரஷனோ பதட்டமோ பழைய காயமோ இருந்து அதுல இருந்து தப்பிக்க ஆட வர்றவங்க. மூணாவது, எதுலயுமே அவசரம், கட்டுப்பாடு கம்மி, மத்த பழக்கங்களும் சேர்ந்தே இருக்கிறவங்க. இதைப் பிரிச்சுப் பார்க்கிறது வெறும் தியரி இல்ல. முதல் வகை ஆள் ஆட்டத்தை நிறுத்தி கடனுக்கு ஒரு வழி பண்ணாலே மனசும் மெல்ல தெளியும், ரெண்டாவது வகை ஆள்கிட்ட இருந்து ஃபோனை மட்டும் பிடுங்கினா அந்த டிப்ரஷன் அப்படியே நிக்கும், வேற ஏதாவது ஒண்ணைத் தேடிப் போகும். ஆய்வுகளைத் தொகுத்து 2011ல போட்ட ஒரு கணக்குப்படி சூதாட்டப் பிரச்சனை உள்ளவங்கள்ல சராசரியா 37.9% பேருக்கு மூட் சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு கோளாறும் இருந்துச்சு, அதாவது மூணுல ஒருத்தருக்கு மேல, ஆனா எல்லாருக்கும் இல்ல.

ரெண்டு விஷயத்தை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, ஏன்னா இது வீட்ல பேசித் தீர்றதில்ல. தூக்கமே தேவைப்படாம, படபடன்னு பேசிக்கிட்டு, இருக்கிறதையெல்லாம் செலவு பண்ணிக்கிட்டு சில நாள் ஓடி அப்புறம் அப்படியே சரிஞ்சு விழுறானா? அப்படின்னா அது பைபோலார் பக்கமா இருக்கலாம், ட்ரீட்மென்ட்டே வேற. இன்னொண்ணு மாத்திரை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிரமிபெக்ஸோல் மாதிரி மருந்துகள் சிலருக்கு சூதாடுற வெறியைக் கிளப்பிவிடும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம், மனநல சிகிச்சைல கொடுக்கிற அரிபிப்ரஸோலுக்கும் 2016ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதே மாதிரி எச்சரிக்கை கொடுத்துச்சு. ஏதாவது மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் இந்தப் பழக்கமும் வந்துச்சுன்னா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

இப்ப நீங்க என்ன செய்யலாம்? "ஏன்டா ஆடுற"ன்னு கேட்காதீங்க, "பணத்துக்கு"ன்னு ஒரு ரெடிமேட் பதில் அவன்கிட்ட இருக்கு. "நேத்து ஆப்பைத் திறந்தப்ப மணி என்ன, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, அப்ப எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க, இதுக்கு அவனால யோசிக்காம பதில் சொல்ல முடியாது. திட்டுறதைக் குறைங்க, அவன் மேல பரிதாபப்பட்டுச் சொல்லல, திட்டினா அவமானம், அவமானம் வந்தா மூட் அவுட், மூட் அவுட்டானா எங்க போவான்னு உங்களுக்கே தெரியும். லிமிட், பிளாக் இதெல்லாம் அவன் அமைதியா இருக்கிறப்ப அவனே போட்டாத்தான் வேலை செய்யும், ஏன்னா மனசு கொதிக்கிறப்ப நாம எப்படி நடந்துக்குவோம்னு அமைதியா இருக்கிறப்ப நம்மால சரியா கணிக்கவே முடியாது, "நான் பார்த்துக்குவேன்"னு அவன் சொல்றது காலைல பத்து மணி மனசு, ஆடுறது ராத்திரி ரெண்டு மணி மனசு. பிரிட்டன், ஸ்வீடன் மாதிரி சில நாடுகள்ல ஒரே இடத்துல பேரைப் பதிஞ்சா லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் சைட்டும் அவரை உள்ள விடாது, நீங்க இருக்கிற இடத்துல அப்படி ஒண்ணு இருந்தா தேடிப் பிடிங்க. இல்லைன்னா பிளாக்கர் ஆப், பேங்க்ல பேமென்ட் லிமிட், ராத்திரி ஃபோன் வேற ரூம்ல சார்ஜ், எதுவா இருந்தாலும் நடுவுல ஒரு பத்து நிமிஷம் சேர்க்கணும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. ஸ்வீடன்ல சூதாட்டக் கோளாறுன்னு பதிவான 2,099 பேரோட விவரத்தை 2018ல பார்த்தப்ப தற்கொலையால இறக்கிறது பொதுமக்களோட ஒப்பிட்டா 15 மடங்கு இருந்துச்சு, அது ரொம்ப முத்திப்போய் சிகிச்சைக்கு வந்தவங்களோட கணக்குதான், இருந்தாலும் சின்ன விஷயம் இல்ல. "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தா நேராவே கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு. கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க.

அந்த அளவுக்கு இல்லைன்னா, ரெண்டு மூணு வாரம் ஒரு நோட்ல எழுதச் சொல்லுங்க, நேரம், மூட், எவ்வளவு நேரம் ஆடினான், இது மட்டும் போதும், எவ்வளவு விட்டான்ங்கிறது இப்ப வேண்டாம், அதைக் கேட்டா எழுதவே மாட்டான். ஆடாத நாளையும் எழுதணும், மனசு சரியில்லாம இருந்தும் ஆடாத நாள் ஒண்ணு கண்டிப்பா சிக்கும். அன்னைக்கு அவன் வேற என்ன பண்ணிட்டு இருந்தான்னு அவன்கிட்டயே கேளுங்க. நோட் ஓரளவு நிரம்பினதும் ஒரு நல்ல கவுன்சிலர்கிட்ட அதையும் எடுத்துட்டுப் போங்க, முதல் நாளே பேச்சு அங்க இருந்து ஆரம்பிக்கும்.